வெயில் படாத பாத்தி

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றிலிருந்து இந்த வீட்டில் நடப்பதையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். எனக்குப் பெருமை தராத விஷயங்களையும் எழுதுவேன். யார் என்ன சொன்னார்களோ அதை அவர்கள் சொன்னபடியே எழுதுவேன். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கோபமாக நின்றால், கோபமாக நின்றாள் என்று மட்டும் எழுதி ஏமாற்றமாட்டேன். நீ போன பிறகு உனக்கு எல்லோரும் பாதிச் சேதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் சேதியே நல்லதில்லை. அப்பா உன் அறையைக் குடோனாக்கப் போகிறார்.

அவருடைய ரிப்பேர் கடையில் இடமில்லை என்பது உண்மைதான். முன்னறை முழுக்க மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி. பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் சாமான்கள் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிட்டன. நேற்று கரண்டி என்று நினைத்து நான் எடுத்தது ஒரு மின்விசிறியின் இறக்கை. ஆனால் அதற்காக உன் அறையா? உன் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, அதற்கு வெளியே, நம் சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவில், பலா மரத்தடியில் இருக்கிற அந்த நீளத் துண்டுக்குச் சிமெண்ட் தளம் போட்டு, மேலே தகரம் வேய்ந்து, இரண்டையும் ஒன்றாக்கப் போகிறாராம். மேஸ்திரி ஜூன் பாதியில்தான் வரமுடியும் என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா வந்தால் எங்கே படுப்பாள் என்று கேட்டேன். "வந்தா பாத்துக்கலாம்" என்றார். அந்த "வந்தா"வை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் நான் வாயை விட்டுவிட்டேன். அந்த இடத்தைத் தோட்டமாக்கலாமே என்றேன். அப்பா ஒரு மிக்ஸியின் அடியைத் திறந்தபடியே சொன்னார்: "அந்த பலா மரத்தடியில ஒரு பூ பூக்கட்டும். நான் சிமெண்ட் மூட்டையைத் திருப்பி அனுப்பிடறேன்."

ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா வாசலிலிருந்தே, "நான் கேட்டுட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் மாத்திப் பேசக்கூடாது" என்றாள்.

ஆகவே ஜூன் பாதிக்குள் அந்தப் பாத்தியில் ஒரு பூ வேண்டும். நீ முன்பு அங்கே என்னவெல்லாம் வைத்தாய், எது எப்படிப் போனது என்று எழுது. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. மூடியிருக்கிற எதுவும் அப்பா கையில் அதிக நேரம் மூடியிருக்காது. பள்ளி நூலக முகவரிக்கு அனுப்பு. பொதுத்தேர்வு வகுப்பு என்பதால் கோடை விடுமுறையிலும் எங்களுக்குப் பள்ளி உண்டு, நூலக மேடத்திடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன்,
புழு

(புத்தகப்புழு என்று முழுசாகக் கூப்பிட இங்கே ஆளில்லை.)


ஏப்ரல் 13

புழு,

செவ்வந்தி வைத்தேன். ரோஜா வைத்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்த சூரியகாந்தி விதைகூடப் போட்டேன். எல்லாம் வெளிறிப்போய், நூல் மாதிரி நீண்டு, எங்கேயாவது கொஞ்சம் வெளிச்சம் கிடைக்குமா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுச் செத்தன. அங்கே ஒன்றும் வராது. பலா மரம் வெயிலையும் விடாது, வேரால் தண்ணீரையும் விடாது.

உன் அப்பா குடோன் கட்டட்டும். அது அவர் வீடு. இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அங்கே படுக்க இடம் வேண்டாம்.

நான் இங்கே அறை மாறிவிட்டேன். பழைய அறைக்குக் கீழே மாவு மில், விடியும் முன்பே கட்டில் அதிர ஆரம்பித்துவிடும். புதிய அறை பஸ் டிப்போவுக்கு எதிரில். இதுவும் சரிப்படாது என்று தோன்றுகிறது. ஸ்டுடியோவில் நாள் முழுக்க ஒரே வசனம்: தலையை நேரா வைங்க, தோளைத் தளர்த்துங்க, சிரிக்காதீங்க. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எங்கேயோ போகிறார்கள். நான் அவர்களைச் சிரிக்காதே என்று அதட்டிக்கொண்டு அதே ஸ்டூலுக்கு எதிரில் நிற்கிறேன்.

நன்றாகப் படி.

அக்கா

அந்தப் பாத்தியில் வெயில் எங்கே, எவ்வளவு நேரம் விழுகிறது என்று பார்த்தாயா? சும்மாதான் கேட்டேன்.


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை சாக்பீஸோடு உன் சன்னலில் உட்கார்ந்து, வெயில் விழுந்த இடத்தையெல்லாம் மதிலில் வட்டம் போட்டுக் குறித்தேன். முழு வெயில் எங்கேயும் இல்லை. இலை இடுக்கு வழியாகக் காசு காசாக விழுகிறது, அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. "சுவத்துக்கு அம்மையா?" என்று அம்மா கேட்டாள்.

ஆனால் அக்கா, நாம் இத்தனை நாளும் தப்பான பூக்களைக் கேட்டிருக்கிறோம். நூலகத்தில் காட்டுச் செடிகளைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் இருக்கிறது. எனக்கு முன் அதை யாரும் எடுத்ததில்லை. அதில் எழுதியிருக்கிறது: அடர்ந்த காட்டின் தரையிலும் பூ உண்டு. அந்தச் செடிகளுக்கு இந்தக் காசு வெயிலே போதும். முழு வெயில் பட்டால்தான் கருகும். உதிர்ந்த இலைதான் அவற்றுக்குப் போர்வை, அதுவே எரு. நம் பாத்தி தோட்டமே இல்லை அக்கா. அது காட்டின் ஒரு துண்டு. நாம் அதைத் தோட்டம் என்று நினைத்து ரோஜா வைத்தோம்.

எதை வைப்பது என்று மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டேன். என் நிபந்தனைகள்: நிழல் தாங்கவேண்டும், பலா வேரோடு சண்டை போடாமல் மேல் மண்ணிலேயே வாழவேண்டும், ஜூன் பாதிக்குள் பூக்கவேண்டும்.

பெரணிதான் முதலில் ஞாபகம் வந்தது. சாலையோர நர்சரிக்காரரும் அதையே கொடுக்கப் பார்த்தார். நிழலென்றால் அவருக்குப் பெரணி, இல்லையென்றால் குரோட்டன்ஸ். பெரணி பூக்காதே என்றேன். பூ எதற்கு, இலையே அழகுதானே என்றார். அவருக்கு என் அப்பாவைத் தெரியாது. செங்காந்தள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் அது நிழலில் முளைத்து, கிடைத்ததைப் பற்றிக்கொண்டு வெயிலுக்கு ஏறிப் போய்விடுமாம். பூப்பது பக்கத்து வீட்டு மாடியில்தான் இருக்கும். (உன்னைச் சொல்லவில்லை.)

கடைசியில் மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். காட்டுக் காசித்தும்பை, ஈரமும் நிழலும் இருந்தால் விதையிலிருந்தே சீக்கிரம் வரும். நிலப்பனை, தரையோடு தரையாக மஞ்சள் நட்சத்திரம் மாதிரி பூக்கும், குனிந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். அப்புறம் காட்டு மஞ்சள். இதுதான் என் துருப்புச் சீட்டு. கோடை முழுக்கச் செத்ததுபோல் கிழங்காகக் கிடந்து, முதல் மழை பட்டதும் இலைகூட விடாமல் மண்ணிலிருந்து நேராகப் பூவை நீட்டுமாம்.

காசித்தும்பை விதை கிடைத்துவிட்டது. மற்ற இரண்டும் இந்த ஊர் நர்சரி எதிலும் இல்லை. காட்டில் போய்த் தோண்டி எடுக்கக்கூடாது என்று புத்தகம் கண்டிப்பாகச் சொல்கிறது.

உனக்குத் தெரிந்த நர்சரி எதுவும் உண்டா? நானும் சும்மாதான் கேட்கிறேன்.

புழு


ஏப்ரல் 28

புழு,

வேறு வேலையாகத்தான் போனேன். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கவேண்டியிருந்தது. திரும்பும் வழியில் காட்டுச் செடிகளை வளர்த்து விற்கிற இடம் ஒன்று இருந்தது. நீ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: எதுவும் காட்டிலிருந்து பிடுங்கியது இல்லை, அவர்களே பெருக்கியது. நான் விசாரித்ததும் அங்கே விற்கிற அம்மா என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்து, "வெயில் படுமா?" என்று கேட்டாள். படாது என்றேன். "இலையைக் கூட்டுவீங்களா?" கூட்டமாட்டோம் என்றேன். அதற்கப்புறம்தான் விலையே சொன்னாள்.

பொட்டலத்தில் காட்டு மஞ்சள் கிழங்குகளும் சில நிலப்பனைகளும் இருக்கின்றன. போட்டோ பேப்பர் டப்பாவில் வைத்திருக்கிறேன், நசுங்காது. கிழங்கில் முனை இருக்கிற பக்கம் மேலே வரவேண்டும். ஆழமாக வேண்டாம். நட்டுவிட்டு மழை வரும்வரை மறந்துவிடச் சொன்னாள்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது.

டிப்போ அறையும் சரியில்லை. ஒவ்வொரு பஸ்ஸும் கிளம்பும்போது எதையோ மறந்துவிட்டு வந்தது மாதிரி எழுந்து உட்கார்கிறேன்.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டது. நூலக மேடம் டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, இது புத்தகம் இல்லை என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை நட்டேன். பாத்தியைச் சுற்றிப் பழைய செங்கல்லை வரிசையாகப் பதித்தேன். பலா இலைகளைக் கூட்டிப் போர்த்தினேன். நைட் டியூட்டி முடிந்து வந்த அம்மா, ஊரில் எல்லோரும் குப்பையை வெளியே போடுவார்கள், என் பெண் வாரிக்கொண்டு வந்து போடுகிறாள் என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் அவள்தான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அப்பா உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. டீ டம்ளரோடு உன் சன்னலில் நின்று, "என்ன, முளைச்சுதா?" என்று கேட்பார். நட்ட அன்றே கேட்டார். தினமும் கேட்கிறார். கடையில் மேசைக்கு மேல் தொங்குமே, கம்பிக்கூண்டு போட்ட விளக்கு, அதைக் கொண்டுவந்து சன்னல் கம்பியில் கட்டியிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். எலி வருகிறதா என்று பார்க்கவாம்.

உண்மையை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா? நான் ஒரு கிழங்கை இரண்டு தடவை தோண்டிப் பார்த்தேன். வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் பாடத்தில் மனம் ஒட்டவில்லை. கணக்கு டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டபோது "இன்னும் இல்லை மிஸ்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சொன்னாள்: "உங்க அப்பா ரத்தம். நீ பொறந்தப்ப உன்னையும் கழட்டிப் பாத்திருப்பாரு. நான்தான் விடல."

இனி தோண்டமாட்டேன்.

புழு


மே 19

அக்கா,

கையெழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள். மடியில் வைத்து, பாத்தியோரத்திலேயே எழுதுகிறேன்.

காசித்தும்பை முளைத்து, இரண்டிலை விட்டு, ஒரே வாரத்தில் எல்லாம் சாய்ந்துவிட்டன. நத்தை என்று நினைத்தேன். நிலப்பனைகளில் ஒன்று வாடியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். இன்று பள்ளி விட்டு வந்து பார்த்தால் நான் போர்த்திய இலைகள் வேறு மாதிரி கிடக்கின்றன. பெரிய இலை அடியில், சின்னது மேலே. நான் அப்படி வைக்கவில்லை. மண்ணை விலக்கினேன். முனை மேலே இருக்கும்படி நட்ட மஞ்சள் கிழங்கு தலைகீழாகக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே. ஒரு கிழங்கைக் காணவே இல்லை.

பக்கத்திலேயே, மண்ணுக்குள், அப்பாவின் டெஸ்டர் இருந்தது. மஞ்சள் பிடி போட்டது. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க அவர் சட்டைப் பையில் குத்தி வைத்திருப்பாரே, அதேதான்.

அவர் எல்லாவற்றையும் தோண்டியிருக்கிறார். நான் பள்ளியில் இருக்கும்போது. ஒரு பூ பூத்துவிடக்கூடாது என்று. எனக்குச் சிமெண்டைவிட இதுதான் வலிக்கிறது. சிமெண்ட் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போடுகிறவர் நேர்மையானவர். இது என்ன?

அம்மாவுக்கு இந்த வாரமும் நைட் டியூட்டி. பகலில் தூங்குகிறாள். யாரிடம் சொல்வது?

புழு


மே 23

புழு,

உன் கடிதத்தை ஸ்டுடியோவில் படித்தேன். அப்புறம் எடுத்த எல்லாப் போட்டோவும் ஆடிப்போய்விட்டன. முதலாளி என்ன ஆச்சு என்று கேட்டார்.

எனக்கு ஆச்சரியமே இல்லை. என் கேமரா ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது சின்னவள், உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். பழைய கேமராதான், ஆனால் நானே உழைத்து வாங்கியது. பத்திரிகை ஆபீசில் மறுநாள் காலை என்னை ஒரு கூட்டத்துக்கு அனுப்பிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். படம் நன்றாக வந்தால் வேலை. காலையில் எழுந்து வந்தால் கேமரா கடை மேசையில், ஒவ்வொரு திருகும் தனித்தனியாக. "தூசி இருந்துச்சு, தட்டி வச்சேன்" என்றார். அவசர அவசரமாகப் பூட்டிக் கொடுத்தார். அன்று நான் எடுத்த ஒரு முகம்கூடத் தெளிவாக இல்லை.

மன்னிப்புக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? இன்னொரு தடவை கொடு, சரியாக மாட்டித் தருகிறேன் என்றார். உங்களால் எதையும் சும்மா விடவே முடியாதா என்று கத்தினேன். இது என் வீடு, என் மேசை என்றார். கேமராவை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு நான் பையை எடுத்தேன்.

அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா இல்லையா என்பது பெரிய விஷயமே இல்லை, புழு. கெடுவது கெடுகிறது. விட்டுவிடு. அந்த வீட்டில் மூடி வைத்தால்தான் வளரும் என்கிற எதுவும் வளராது. உனக்குப் படிக்க எவ்வளவோ இருக்கிறது.

அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ விட்டுவிடச் சொன்னாய். நான் விடவில்லை. டெஸ்டரைக் கழுவித் துடைத்து, கடை மேசையில் அவருக்கு முன்னால் வைத்தேன். எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"எதுக்குப்பா தோண்டினீங்க?"

"பாத்தேன்."

"என்னத்தப் பாத்தீங்க?"

"வேர் விட்டுச்சான்னு. வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியலையே."

"எல்லாத்தையும் தலைகீழா வச்சிருக்கீங்க."

"அதுல எது தலை, எது காலுன்னு எழுதியா இருக்கு? திறந்த மாதிரியே மூடினேன்னுதான் நெனச்சேன்."

நான் அழுதேன். இதை எழுதத்தான் வேண்டும். ஒரு பூகூட வரக்கூடாது என்றுதானே செய்தீர்கள் என்று கேட்டேன். அப்பா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அவர் அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

"பூக்கலைன்னா நான் சொன்னபடி சிமெண்ட் போட்டாகணும். உங்க அம்மா வேற கேட்டுட்டா. அந்த ரூமை அடைச்சுட்டு, உங்க அக்கா வந்தா நான் அவளை எங்க படுக்கச் சொல்லுவேன்? அந்தக் கவலையிலதான் தோண்டினேன்."

அக்கா, அவர் நம் பாத்தியைக் கெடுக்க நினைக்கவில்லை. என்னைப்போலவே தினமும் போய்ப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். நான் இரண்டு தடவை என்றால் அவர் எத்தனை தடவையோ. நான் பள்ளிக்குப் போனதும் அவர், நான் வந்ததும் நான். அந்தக் கிழங்குகள் எப்போதுதான் தூங்கியிருக்கும்? காணாமல்போன கிழங்கைப் பற்றியும் கேட்டேன். அது செத்துப்போனதுபோல் சுருங்கியிருந்ததால் மதிலோரம் தூக்கிப் போட்டுவிட்டாராம்.

கெடுவது கெடுகிறது என்று நீ எழுதியது சரிதான். நான் அவருக்காக வாதாடவில்லை. ஆனால் பாதிச் சேதி சொல்லமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அப்பா இரண்டு நாள் கடையைப் பாதி மூடிவிட்டு, கம்பி வலையில் பாத்தி அளவுக்கு ஒரு மூடி செய்தார். செங்கலுக்கு உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் அது மூடுகிறது. அதற்கு ஒரு பூட்டு. கிழங்குகளை நான் முனை மேலே இருக்கும்படி திருப்பி நட்ட பிறகு பூட்டினார். சாவியை என்னிடம் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். "உன்னையும் நம்ப முடியாது, என்னையும் நம்ப முடியாது" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா அதை ஆஸ்பத்திரிப் பைக்குள் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விடுகிறாள். வீட்டில் நாங்கள் இருவரும் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறோம். விளக்கு எரிகிறது. எலிகூட வருவதில்லை.

இன்னொன்று. உன் கேமரா பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அதை இன்றுதான் பார்த்தேன். மறுபடியும் கழற்றிய திருகுகள் எல்லாம் ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. அப்புறம் அவர் அதை மாட்டவே இல்லை.

புழு


ஜூன் 4

புழு,

இந்தக் கடிதத்தை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். முதலில் எழுதியது நீளமாக இருந்தது. இரண்டாவது கோபமாக இருந்தது.

பூட்டைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஸ்டூலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சிரிக்காதே என்று சொல்கிற நீயே சிரிக்கலாமா என்று கேட்டார்.

பிஸ்கட் டின்னைப் பற்றி நீ எழுதாமல் இருந்திருக்கலாம். இல்லை, எழுதியது நல்லதுதான். எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதம் எனக்குச் சில நாள் விடுப்பு வருகிறது. எங்கே போகப் போகிறாய் என்று முதலாளி கேட்டார், நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிப்போவில் நம் ஊர் பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று தெரிந்துவைத்திருக்கிறேன். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. புதிதாக ஒரு கேமரா வாங்கியிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அதை எங்கே வைப்பேன்? தலையணைக்கு அடியிலா? அப்பா தூங்கும்வரை நான் விழித்திருக்கவேண்டுமா?

பூ வந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உன் கடிதம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லவேண்டும். நூலகத்தில் வெள்ளையடிக்கிறார்கள், ஒரு வாரம் மூடல். நூலக மேடத்தின் மிக்ஸி கெட்டுப்போய், அதைக் கொடுக்கக் கடைக்கு வந்தவர் உன் கடிதத்தையும் அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார். நான் வந்தபோது அது என் மேசையில் இருந்தது. ஒட்டிய இடத்தை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிரிக்கவில்லை, அக்கா. ஓரம் மட்டும் கொஞ்சம் கசங்கியிருந்தது. கையில் வெகுநேரம் வைத்திருந்திருப்பார்.

நீ இந்தத் தடவை "உன் அப்பா" என்று எழுதவில்லை. அதையும் கவனித்தேன்.

மழை போன வாரம் தொடங்கிவிட்டது. வலைக்குள் ஒன்றும் நடக்கவில்லை. நிலப்பனை பிழைத்துக்கொண்டது, ஆனால் இலை மட்டும். மஞ்சள் கிழங்குகள் கல் மாதிரி கிடக்கின்றன. மேஸ்திரி டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போனார். சிமெண்ட் மூட்டைகளை உன் கட்டில்மேல் அடுக்கியாகிவிட்டது. திங்கட்கிழமை வேலை ஆரம்பம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா டீ டம்ளரோடு வந்தாலும் இப்போதெல்லாம் "முளைச்சுதா" என்று கேட்பதில்லை.

இன்று சாயங்காலம் மழை விட்டதும், வலைமேல் ஒட்டியிருந்த இலைகளை எடுக்கப் போனேன். மதிலோரம், செங்கல் வரிசைக்கு வெளியே, என்னவோ நிறமாகத் தெரிந்தது. மிட்டாய்க் காகிதம் என்று நினைத்துக் குனிந்தேன்.

அது பூ.

மண்ணிலிருந்து நேராக, இலை ஒன்றுகூட இல்லாமல், என் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு கூம்பு. அடியில் பச்சைச் செதில், மேலே போகப்போக ரோஜா நிறம். செதில்களின் இடுக்கில் சின்னதாக மஞ்சள் பூக்கள், ஒவ்வொன்றும் நனைந்து. செத்துவிட்டது என்று அப்பா தூக்கிப் போட்டாரே, அந்தக் கிழங்கு. இலைக்குவியலுக்குள் கிடந்திருக்கிறது. அதை மட்டும் யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லை.

இப்போது எனக்குப் பெருமை தராத பகுதி. அது பாத்திக்கு வெளியே இருந்தது. ஒரு சாண் வெளியே. அப்பா சொன்னது "பலா மரத்தடியில" என்றுதான், ஆனால் பாத்தி என்று செங்கல் வைத்து எல்லை போட்டது நான்தான். சுற்றிலும் யாரும் இல்லை. மண்ணோடு பெயர்த்து உள்ளே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். வலை பூட்டியிருந்தது என்பதால் மட்டும் நான் செய்யாமல் இருந்தேனா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. விரல் மண்ணைத் தொட்டது. அப்புறம் விரலை எடுத்துவிட்டேன். அப்பாவைக் கூப்பிட்டேன்.

அவர் ஈரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்புறம், "இது நான் வீசினதுல்ல?" என்றார்.

ஆமாம், ஆனால் பாத்திக்கு வெளியே இருக்கிறது என்று சொன்னேன். அப்பா செங்கலைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். எழுந்துபோய், அந்தப் பக்கத்துச் செங்கல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பூவைச் சுற்றி மதில் வரைக்கும் புதிதாகப் பதித்தார். பூமேல் நிழல்கூடப் படாமல் சுற்றிச் சுற்றி வந்து பதித்தார்.

"அப்பா, இது ஏமாத்து வேலை இல்லையா?"

"நான் செடியைத் தொடலையே. செங்கல்லைத்தானே நகத்தினேன்."

டியூட்டிக்குக் கிளம்பின அம்மா பையோடு சன்னலில் நின்றிருந்தாள். "நான் பாத்துட்டேன்" என்றாள். சிரிப்பை அடக்கவில்லை. முகம் முழுக்கச் சிரித்தாள்.

அப்பா மேஸ்திரிக்குப் போன் செய்தார். தளம் வேண்டாம், சிமெண்டைக் கடைப் படியைப் பூசப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். மேஸ்திரி என்னவோ கத்தினது எனக்கே கேட்டது. மூட்டைகளை உன் கட்டிலிலிருந்து இறக்க நானும் பிடித்தேன். மெத்தையைத் தட்டி வைத்திருக்கிறோம்.

அப்புறம் அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார், இந்தப் பூ எத்தனை நாள் இருக்கும் என்று. இரண்டு வாரம் இருக்கலாம், மழை அடித்தால் அதற்குள்ளேயே போய்விடலாம் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, "போட்டோ எடுத்து வச்சா நல்லாருக்கும்" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "அவகிட்ட கேமரா இருக்கும்ல?"

புதுசு வாங்கியிருக்கிறாள் என்று சொன்னேன். எங்கே வைப்பது என்றுதான் பயப்படுகிறாள் என்பதையும் சொல்லிவிட்டேன். நீ கோபித்துக்கொள்வாய், ஆனால் எனக்குப் பாதியாகச் சொல்ல வராது.

அப்பா உள்ளே போனார். தன் டூல்ஸ் பையை, சட்டைப் பை டெஸ்டர் உள்பட, சுருட்டி நாடாவால் கட்டி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் நீட்டினார். "அவ வந்துட்டுப் போற வரைக்கும் உன் ஆஸ்பத்திரி லாக்கர்ல வச்சிடு" என்றார். கடையை என்ன செய்வீர்கள் என்று அம்மா கேட்டாள். மிக்ஸி காத்திருக்கும் என்றார். என்னிடம் திரும்பி, "மேசை மேலேயே வைக்கச் சொல்லு, ராத்திரி நல்லாத் தூங்கச் சொல்லு. இதையும் அப்படியே எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். இதை நாளைக் காலையிலேயே விரைவுத் தபாலில் போடுவேன்.

உன் சன்னலில் உட்கார்ந்து, அந்தக் கம்பிக்கூண்டு விளக்கு வெளிச்சத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்தே பூ தெரிகிறது. அப்பா கையை சுவிட்சில் வைத்தபடி நிற்கிறார். காட்டுச் செடி மூஞ்சியில் இப்படி விளக்கு அடித்தால் அது எப்படி நிம்மதியாக இருக்கும் என்கிறார். இனிமேல் யாரும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாமாம். கடைசி வரியை எழுதிவிடுகிறேன், பொறுங்கள் என்று சொல்கிறேன். இந்த வரி கோணலாக இருந்தால் அதற்குக் காரணம், விளக்கை அணைத்துவிட்டார்.